இன்ஹாவுக்கு வயசு என்ன?

"நேத்தே வரச் சொன்னேன்லா? இன்னைக்கு வந்து நிக்கீங்க!"

மழைக்கு ஒதுங்கலாம் என்று ஒரு கடையின் தார்ப்பாய்க்குக் கீழே காலை வைத்த சஃபீனா அப்படியே நின்றுவிட்டாள். யாரைச் சொல்கிறான் இவன்? திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் மழை மட்டும்தான் இருந்தது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டையே கரைத்துவிடப் பார்க்கும் ஜூலை மழை...

"உங்களைத்தான் மேடம்! பன்னெண்டு டிராபி, ரெண்டு ஷீல்டு. சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காகக் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு போன் உண்டா? ஒரு மெசேஜ் உண்டா?"

முகத்தில் பாதியை வெள்ளை மாஸ்க் மூடியிருந்தது. மீதிப் பாதியில் இரண்டு கண்கள். கோபப்பட்டுப் பழக்கமே இல்லாத கண்கள் அவை... யாரிடமோ கோபத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தது போல் இருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் கையில் ஒரு டிராபி வந்து உட்கார்ந்தது. "மூணாவது பிரைஸ். ஸ்பெல்லிங் ஒருவாட்டி பாத்துருங்க."

பார்த்தாள்! ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. கொடுத்ததைப் படித்துப் பார்ப்பது படிப்பாளிகளுக்குள்ள வியாதி.

"'கேரம் டோர்னமென்ட்'ல ஒரு 'என்' குறையுது" என்றாள்.

"எங்க?" அவன் பதறிப்போய் எட்டிப் பார்த்தான். "அரே... ஆமா! பன்னெண்டுலயும் குறையுதா?"

"பன்னெண்டுலயும்." எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "அப்புறம் இன்னொன்னு... நான் கேரம் கிளப் ஆள் இல்ல. மழைக்கு ஒதுங்கினேன்."

மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்கள் முழித்த முழி இருக்கிறதே! சஃபீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைச் சத்தத்தில் அது கேட்டிருக்காது என்று நினைத்தாள். கேட்டிருந்தது.

அவள் உண்மையில் தேடி வந்தது அடுத்த சந்தில் இருக்கும் பிளாஸ்டிக் மாடல் செய்கிற கடையை. மழையில் அது பூட்டிக் கிடந்தது. இங்கேயோ சுவர் முழுக்க ஷீல்டுகள், கோப்பைகள். கண்ணாடி அலமாரியில் ஒரு கனமான கண்ணாடிக் கட்டி... அதற்குள்ளே ஒரு கல்யாண ஜோடி, பொடிப் பொடிப் புள்ளிகளாக, புகை போல நின்றுகொண்டிருந்தார்கள்.

"இதுக்குள்ள எப்படி வரைஞ்சீங்க?"

"லேசர். வெளியே ஒரு கீறல் இருக்காது. உள்ள மட்டும் புள்ளி வைக்கும்." குரலில் பெருமை. "யாரை வேணும்னாலும் உள்ள வைக்கலாம்."

சஃபீனாவுக்கு மூளையில் பொறி தட்டியது. "இதுக்குள்ள... இன்ஹாவை வைக்க முடியுமா?"

"தாராளமா. முகம் மட்டுமா, முழுசாவா?"

"முழுசா. ஃபைல் பென் டிரைவ்ல இருக்கு. பேரும் அதுலயே போட்டிருக்கு."

"சரி. வயசு என்ன?"

சஃபீனா குழம்பிப் போனாள். நாலு வருஷ ஆராய்ச்சியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "வயசுன்னா... கரெக்டா யாருக்கும் தெரியாது. பல லட்சம் வருஷம் இருக்கும்."

"நல்லா வெளையாடுதீங்க மேடம்" என்றான் அவன். "ராஹில் கடைன்னு கேட்டா இங்கன யாரும் சொல்லுவாங்க. வியாழக்கிழமை வாங்க."

மழை விட்டுவிட்டது. அவள்தான் விட்டதைக் கவனிக்காமல் இன்னும் ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றாள்...

சஃபீனாவின் வாப்பா தாராவியில் தோல் பை தைத்து முன்னுக்கு வந்து, செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் வீடு வாங்கியவர். அவருக்கும் உம்மாவுக்கும் மகள் என்ன படிக்கிறாள் என்று சொல்லத் தெரியும். என்ன செய்கிறாள் என்று சொல்லத் தெரியாது. சஃபீனா செய்தது ஒரே வேலை. காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதியைப் படிகமாக வளர்ப்பது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் உப்புக்கல் போல அது துளிர்த்து வர வேண்டும். வந்தால், அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளைக் கொண்டு அதன் உருவத்தைக் கணக்கிட வேண்டும். அந்த நொதியின் பெயர்தான் இன்ஹா. அவள் போனில் அடிக்கடி இன்ஹா இன்ஹா என்று பேசுவதைக் கேட்டு, அது மகளோடு படிக்கிற ஏதோ ஒரு பெண் என்றுதான் உம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் அவளுடைய கைடு ஓய்வு பெறுகிறார். இருபது வருஷமாக இன்ஹாவோடு குடித்தனம் நடத்தியவர். அவருக்குக் கொடுக்கத்தான் அந்தக் கண்ணாடி.

வியாழக்கிழமை போனாள். ராஹில் பூ வேலைப்பாடு போட்ட டப்பாவைத் திறந்து, கண்ணாடியை மெல்ல எடுத்து, கீழே விளக்கு எரியும் ஸ்டாண்டின் மேல் வைத்தான். உள்ளே சுருள் சுருளாக, நாடா நாடாக, வெள்ளிப் புகை போல அவளுடைய இன்ஹா! கணினித் திரையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கையில் தூக்கிப் பார்த்ததில்லை...

அப்புறம்தான் கீழே பார்த்தாள். ஒரு குட்டி கேக். இரண்டு பலூன். 'ஹேப்பி பர்த்டே இன்ஹா.'

"இது என்னது?"

"அது நம்ம பக்கத்துல இருந்து ஃப்ரீ மேடம். புள்ளைக்கு எத்தனையாவது பர்த்டே?"

"புள்ளையா? எந்தப் புள்ள? இது என்சைம்!"

"என்... என்ன சைம்?"

"இது டிபி கிருமிக்குள்ள இருக்கிற ஒரு மெஷின் மாதிரி! இதைப் போய்..."

"எனக்கு என்ன தெரியும்? பேரைப் பாத்தா பொண்ணு பேரு. படத்தைப் பாத்தா ஒரே ரிப்பன். இந்தக் காலத்துப் புள்ளைக்கு இது ஏதோ டிசைனுன்னு நெனச்சேன்!"

சஃபீனா சிரித்துத் தொலைத்திருப்பாள். ஆனால் அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டுவிட்டது. "சுருளெல்லாம் இடப்பக்கமா முறுக்கியிருக்கு. தப்பு. வலப்பக்கம் முறுக்கணும்."

"எல்லாம் ஒன்னுதான் மேடம். திருப்பி வச்சுப் பாத்தா சரியாயிரும்."

"எப்படித் திருப்பினாலும் சரியாகாது. இடது கை செருப்பு... சே, இடது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் வலது காலுக்குச் சேராதுல்ல?"

செருப்பில் கை வந்து நுழைந்ததும் அவன் கண்கள் சிரிப்பில் சுருங்கின. அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"கண்ணாடி ஷீல்டுக்குப் பின்பக்கம் எழுத்து போட்டுப் போட்டு, படத்தைத் திருப்புறது எனக்குப் பழக்கமாயிட்டு" என்றான். "பதினோரு வருஷமா இந்த வேலை பாக்குதேன். இதுவரைக்கும் என் வேலையில யாரும் குத்தம் சொன்னதில்ல."

"ஏன், போன வாரம் பன்னெண்டு 'என்'னை யார் முழுங்கினது?"

அவ்வளவுதான். அவன் கண்ணாடியைக் கையில் எடுத்து, அதை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"டிபின்னா சொன்னீங்க?"

"ஆமா."

"இப்படி மாறிப் போட்டா... என்ன ஆயிரும்?"

"மருந்து வந்து உட்காராது."

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியவன் போல, "சரியா இருந்தா எங்கன உக்காரும்?" என்றான்.

அவள் பேனாவை எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே முனையை வைத்துக் காட்டினாள். "இதோ, நடுவுல ஒரு பள்ளம் தெரியுதுல்ல? மாத்திரை கிருமிக்குள்ள போய், அங்கேயே உருமாறி, இதுக்குள்ள வந்து சிக்கிக்கும். அப்புறம் கிருமியால தன் மேல்தோலைக் கட்ட முடியாது. அதோட கதை முடிஞ்சது."

ராஹில் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்களில் என்னவோ வந்து போனது. என்ன அது? சஃபீனாவுக்குப் பிடிபடவில்லை.

"வேற போட்டுத் தாரேன்" என்றான். "செவ்வாய்க்கிழமை வாங்க."

செவ்வாய்க்கிழமை பிறந்தநாள் கேக் போயிருந்தது, இடப்பக்க முறுக்கல் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் மூன்றாவது கண்ணாடி. அதிலும் இடப்பக்கம்தான்! இவ்வளவு கெட்டிக்காரன் ஒரே தப்பை எப்படித் திரும்பத் திரும்பச் செய்கிறான்? ஒவ்வொரு தடவையும் அவள் பேனாவை எடுத்து விளக்குவாள். அவன் கேள்வி கேட்பான். கேள்விகள் என்றால்... ஆய்வுக்கூடத்தில்கூட யாரும் கேட்காத கேள்விகள்.

"எல்லாக் கிருமியும் செத்துருமா? ஒன்னு ரெண்டு ஒளிஞ்சுக்கிடுமா?"

"ஒளிஞ்சுக்கும். அதுக்குத்தான் ஆறு மாசம் விடாம மாத்திரை."

"நடுவுல ஒரு நாள் மறந்துட்டா?"

"ஒரு நாள்னா பரவாயில்ல. விட்டு விட்டுச் சாப்பிட்டாத்தான் ஆபத்து. பள்ளமே மாறிப்போன கிருமி வந்துரும். நான் வளர்க்கிறது அப்படி மாறின இன்ஹாதான்."

"ஏன் மேடம் அதைப் போயி வளக்கீங்க?" என்பான் நிஜமான வருத்தத்தோடு. அவளுக்குச் சிரிப்பாகவும் வரும், என்னவோ போலவும் இருக்கும்.

நாலாவது கண்ணாடியில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சுருள்கூட, ஒரு நாடாகூடத் தப்பில்லை. சஃபீனா அதை விளக்குக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். 'சூப்பர், இதையே எடுத்துக்கிறேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இங்க... இந்த ஓரம் கொஞ்சம் மங்கலா இருக்கோ?" என்றது வாய்.

"மங்கலாவா? சரி, விடுங்க. இன்னொன்னு போட்டுருவோம்!" அவனுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

ரயிலில் திரும்பும்போது அவளுக்கு அவள்மேலேயே கோபம். என்ன செய்கிறேன் நான்? ஒரு டிராபி கடைக்காரனைப் பார்க்க நல்ல கண்ணாடியை மங்கல் என்கிறேனா? அவனுக்காவது ஏதாவது இருக்கிறதா என்றால்... அதுதான் குழப்பம். கேள்வி கேட்கும்போது அவன் கண்கள் அவளை விட்டு நகராது. ஆனால் அவள் ஒரு அடி கிட்டே வந்தால் அவன் ஒரு அடி பின்னால் போவான். ஸ்டூலை எப்போதும் வாசலோரம் போட்டு, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தான் அந்தக் கோடியில் நின்றுகொள்வான். அவளுக்கு டீ வரும், அவன் குடிக்க மாட்டான். ஒரு நாள் உம்மா செய்த வட்டிலப்பம் கொண்டுபோனாள். "அப்புறமா தின்னுக்கிடுதேன்" என்று டப்பாவை மூடிவைத்தான். அந்த மாஸ்க்கை ஒரு நிமிஷம்கூடக் கழற்றியதில்லை. கண்ணாடித் தூசிக்காக என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லையா? ஒரு மனுஷன் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருப்பானா என்ன?

ஐந்தாவது கண்ணாடியை வாங்கிக்கொண்ட நாளில் சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. மறுநாள் கைடுக்கு விழா. 'வர்றேன்' என்றாள். 'சரி மேடம்' என்றான். அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

சயான் ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது வானம் திறந்துகொண்டது. குடையை விரித்தாள். நாலு எட்டு முன்னால் ஒரு ஆள் நனைந்துகொண்டே போகிறான்... ராஹில்!

"ஏங்க! குடைக்குள்ள வாங்க!"

திரும்பியவன் அவளைப் பார்த்ததும் பின்வாங்கினான். "வேண்டாம் மேடம். நீங்க போங்க."

"தொப்பலா நனையிறீங்க. வாங்கன்னா!" குடையை நீட்டிக்கொண்டு அவள் கிட்டே போனாள். அவன் நடைபாதையை விட்டே இறங்கி, ஓடும் தண்ணீரில் நின்றான்.

சஃபீனாவுக்குள் ஒரு மாதமாகக் குமுறியதெல்லாம் வெடித்துவிட்டது. ஸ்டேஷன் மேம்பாலக் கூரைக்குக் கீழே அவன் ஒதுங்கியதும் விறுவிறுவென்று போய் எதிரே நின்றாள்.

"நான் என்ன தொத்து நோயா? என்னைக் கண்டா இப்படி ஓடுறீங்க?"

கேட்ட மாத்திரத்தில் அவன் கண்கள் மாறின. சிரிப்பது போல ஆரம்பித்தான். முடியவில்லை. நனைந்து ஒட்டிக்கொண்ட மாஸ்க்கை உருவினான்... அன்றைக்குத்தான் அவள் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தாள். மெலிந்த கன்னம், மோவாயில் ஒரு சின்ன மச்சம். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கண்களை அழுத்தித் துடைத்தான்.

"நீங்க இல்ல மேடம்" என்றான். "நீங்க இல்ல..."

கூட்டம் அவர்களைத் தள்ளியது. அவன் படியிறங்கிப் போய்விட்டான். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். அவன் கண்ணை ஒற்றி எடுத்த இடத்தில் அந்த வெள்ளைத் துணி ஆரஞ்சு நிறமாகியிருந்தது.

ஆரஞ்சா? கண்ணீர் எங்கேயாவது ஆரஞ்சாக இருக்குமா? குர்லாவில் வண்டி மாற இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றபடி யோசித்தாள். அப்புறம் சட்டென்று பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆய்வுக்கூட அலமாரியில் பழுப்பு பாட்டிலில் இருக்கும் செங்கல் நிறப் பொடி. தொட்டால் கையுறை ஆரஞ்சாகும், சிந்தினால் மேஜை ஆரஞ்சாகும். டிபிக்குச் சேர்த்துக் கொடுக்கும் அந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு வியர்வை, கண்ணீர் எல்லாம் அந்த நிறம்தான். படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதியிருக்கிறாள். பார்த்ததில்லை.

எல்லாம் புரிந்துவிட்டது. மாஸ்க், வாசலோர ஸ்டூல், குடிக்காத டீ, அந்தக் கேள்விகள். 'ஒன்னு ரெண்டு ஒளிஞ்சுக்கிடுமா?'

நாலு வருஷமாக இன்ஹாவோடு வாழ்கிறாள். அது யாருடைய நெஞ்சுக்குள் குடியிருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லையே... வண்டிகள் வந்தன, போயின. சஃபீனா அழுதாள். அழும்போதே இன்னொரு நினைப்பு குத்தியது. அப்படியானால் அவன் பார்த்ததெல்லாம் கண்ணாடியைத்தானா? என்னை இல்லையா? மருந்து பற்றிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தாள், அவ்வளவுதானா நான்? அந்த நேரத்தில் இப்படி நினைப்பது வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

விழா நடந்தது. கைடு கண்ணாடியை விளக்கில் வைத்து, சின்னப் பிள்ளை போல மூக்கை ஒட்டிப் பார்த்தார். சஃபீனா கைதட்டினாள். பத்து நாள் தாராவிப் பக்கம் போகவில்லை. அவனே சொல்லட்டும் என்று ஒரு வீம்பு. பதினோராவது நாள் மத்தியானம் வீம்பு தீர்ந்துபோய், கடை வாசலில் நின்றாள்.

ராஹில் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை தன்னால் மாஸ்க்கைத் தேடியது.

"வேண்டாம்" என்றாள். "எத்தனாவது மாசம்?"

"ஆறாவது... இந்த மாசத்தோட முடியுது."

"அப்ப ரெண்டு மூணு வாரத்துலயே அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு. சளி டெஸ்ட்டும் சுத்தம்னு ரிப்போர்ட் வந்துட்டு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா நீங்க பக்கத்துல வரும்போது மட்டும் அந்த ரிப்போர்ட்டு மேல நம்பிக்கை போயிருது மேடம்."

கேட்க வந்ததைக் கேட்காமல் போகக்கூடாது என்று நினைத்தாள் சஃபீனா. "ஒன்னே ஒன்னு சொல்லுங்க. திரும்பத் திரும்ப வரச் சொன்னீங்களே... மருந்தைப் பத்திக் கேட்கத்தானா? நான் உங்களுக்கு யாரு? டீச்சரா?"

அவன் நிமிர்ந்தான். "மொதல்ல அதுக்குத்தான் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன். தினம் முழுங்குதேன், உள்ள போயி என்ன செய்யுதுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. 'வெளிய சொல்லாத, யாருக்கும் தெரியக்கூடாது'ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நீங்க பேனாவை வச்சு இங்கன உக்காரும்னு காட்டினீங்க பாத்தீங்களா... மறுநாள் மாத்திரை போடும்போது எனக்குச் சிரிப்பு வந்துட்டு. போயி உக்காருன்னேன். எங்க உம்மா பயந்துட்டாங்க."

"அப்புறம்?"

"ரெண்டாவது கண்ணாடி நெசமாவே தப்பு. மூணாவது..." காது மடல் சிவந்தது. "வேணும்னேதான் திருப்பிப் போட்டேன். சரியாப் போட்டுட்டா நீங்க வாங்கிட்டுப் போயிருவீங்கள்லா?"

சஃபீனாவுக்குத் தான் மங்கல் என்று சொன்ன நாலாவது கண்ணாடி ஞாபகம் வந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றான் ராஹில், ஒரே மூச்சில், எங்கே நின்றுவிடுமோ என்று பயந்தவன் போல. "பிடிச்சிருக்குன்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க? நீங்க என்னை நோயாளியாப் பாத்துருவீங்களோன்னு பயம். பாவம்னு பாத்துட்டா அதை விடக் கஷ்டம். பதிலெல்லாம் வேண்டாம். கேட்டீங்க, சொல்லிட்டேன்."

அவள் பதில் சொல்லியிருப்பாள். என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது. அதற்குள் வாசலில் டிபன் கேரியர் ஆடுகிற சத்தம். ராஹிலின் உம்மா சோறு கொண்டுவந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ... முகம் வெளுத்திருந்தது.

"யாரும்மா நீ? என்ன டெஸ்ட்டு, என்ன மாத்திரை? அவனுக்கு ஒன்னும் இல்ல. கண்ணாடித் தூசி அவனுக்கு ஆகாது, அதான் இருமல்..."

"உம்மா" என்றான் ராஹில். "அவங்களுக்குத் தெரியும்."

உம்மா கேரியரை அப்படியே தரையில் வைத்தாள். சஃபீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைகள் சில்லென்று இருந்தன. "அடுத்த மாசம் எம் பொண்ணு அஃப்ஷாவுக்கு நிக்காஹ்மா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னு போயிரும்னு உசிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கேன். இவனுக்குக் கொணமாயிட்டு, சத்தியமா கொணமாயிட்டு. வெளிய சொல்லிராதம்மா..."

"சொல்ல மாட்டேன் மாமி" என்றாள் சஃபீனா. "நீங்களே ஒரு நாள் சொல்லலாம், இதுல மறைக்க ஒன்னும் இல்ல. ஆனா என் வாயால வராது." அவள் ராஹிலைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். "ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நான் சொல்லியாகணும்."

"யாருக்கு?" உம்மாவின் பிடி இறுகியது.

"எங்க உம்மாவுக்கு."

"அவங்களுக்கு எதுக்கும்மா?"

"பொண்ணு கேட்டு வீட்டுக்கு வர்றவங்களைப் பத்தி, எங்க உம்மா வேற யார் வாயாலயோ கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாதுல்ல மாமி?"

உம்மா அவளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். கண்ணில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் விட்டு, அங்கே ஒரு பெரிய சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

"ஏலே... யாருல பொண்ணு கேட்டுப் போறது? எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

ராஹில் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். கண்கள் மட்டும் சஃபீனாவை விட்டு நகரவில்லை.

"எனக்கே இப்பத்தான் தெரியும் உம்மா."